மூன்று வேளையும் புரத மாவு

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமா? நான் கொடுத்த கிட்னி உன் பேச்சைக் கேட்கிறதா? என்னிடம் இருப்பதுதான் போன வாரம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பயப்படாதே.

கிடங்கில் மூட்டை தூக்கத் தெம்பு வேண்டுமென்று, இரண்டு மாதமாகச் சமைக்காமல் மூன்று வேளையும் புரத மாவையே கரைத்துக் குடித்தேன். பசி போய், ஓயாமல் குமட்டியது. ரத்தப் பரிசோதனையில் யூரியா கூடியிருந்தது. டாக்டரம்மா பிடித்துக்கொண்டார்.

"சோறும் எண்ணெயும் கூடிப்போனா உடம்பு கொழுப்பாக்கிச் சேத்து வச்சுக்கும். புரதத்தப் புரதமாவே சேத்து வைக்க இடம் கிடையாது. மிஞ்சினத ஈரல் உடைக்கும், அந்தக் கழிவக் கிட்னிதான் வெளிய தள்ளணும். உங்களுக்கு இருக்கறதே ஒண்ணு! சமைச்சுச் சாப்பிட்டா என்னங்க?"

"எனக்கு மட்டும்னு அடுப்பு பத்த வைக்கத் தோணல டாக்டர்."

அதன்பிறகு அவர் திட்டவில்லை.

மாவை நிறுத்திவிட்டேன். பத்து நாளில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். பழைய ஆபரேஷன் காகிதங்களின் நகலை அனுப்பு. 'என்னாலதானே' என்று நீ அழக் கூடாது. லாரி வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று எழுது. எனக்கு நம் வீட்டில் பொங்கிய ஆறு பேருக்கான அளவுதான் தெரியும்.

உன் தம்பி