காதரின் நாற்காலிக்கு ஒரு டிஷ்யூ பாக்கெட்

அன்பு மச்சான் காதருக்கு,

நான் இப்போது எழுதப்போவதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஈரேழு பதினாலு உலகத்தின் மீதும் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். நீயும் நம்பவேண்டாம். பழையபடி மீசைக்குள் சிரித்துக்கொண்டு கேட்டால் போதும்.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் காலை தேக்கா சந்தையே எழுந்து நின்றது. ஐஸில் கிடந்த கொடுவா மீன்கள் வரிசையாக நிமிர்ந்து சலாம் வைத்தன. பூமிக்கடியில் எம்ஆர்டி ரயில் மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் நின்றது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

நான் மட்டும் வழக்கம்போல ஏழு மணிக்குச் சந்தையின் சாப்பாட்டுக்கடைக்குப் போய், நம் மேசையில் உன் நாற்காலிமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்தேன். நீ கிளமெண்டியிலிருந்து வந்து சேரும்வரை இடம் பிடிப்பதுதானே பதினோரு வருஷமாக என் உத்தியோகம்? ஒரு தடவை தும்மல் வந்து பாக்கெட்டைப் பிரிக்கப்போனேன். கையைத் தட்டிவிட்டாய்.

"பிரிச்சுடாதே மச்சான். அது டிஷ்யூ இல்ல, என் நாற்காலிக்குப் பத்திரம். நீ சட்டையிலயே தொடச்சுக்க."

நீ போய்ப் பத்தொன்பது நாள். பத்தொன்பது நாளும் வைத்தேன். "இங்க ஆள் இருக்கா அங்கிள்?" என்று தட்டோடு வந்தவர்களிடமெல்லாம், "வந்துகிட்டிருக்காரு" என்றேன். அது பொய்யா, காதர்? சொல்லும்போது எனக்கு அப்படித் தெரியவில்லை.

இன்று காலை, அடுத்த மேசைச் சீனப் பெரியவர் எழுந்து வந்தார். தினமும் நமக்குத் தலையாட்டுவாரே, பேர்கூட நாம் கேட்டதில்லையே, அவர்தான். உன் நாற்காலியைக் காட்டி, "காவான் மானா?" என்றார் மலாயில். கூட்டாளி எங்கே என்று.

மூவுலகையும் அளந்த என் வாய்க்கு அந்த நேரம் பார்த்து லீவு. கையை மேலே காட்டினேன்.

அவர் மாடியைப் பார்த்தார். அங்கிருக்கும் தையல்கடைக்குப் போயிருக்கிறாய் என்று நினைத்துவிட்டார். நேரே போய் ஒரு தேநீர் வாங்கிவந்து உன் இடத்தில் வைத்து, ஆறிவிடாமல் சாஸரால் மூடினார். பாலில்லை, சீனியில்லை. உன்னுடைய தே ஓ கொசோங்! உன்னோடு ஒரு வார்த்தை பேசாத மனுஷன், நீ குடிப்பதை இத்தனை வருஷமாகக் காதில் வாங்கியிருக்கிறார்.

"இல்ல லா, அங்கிள். இனிமே வரமாட்டாரு."

மலாயில்தான், முதல்முறையாக அதை என் வாயால் சொன்னேன்.

உன் பத்திரத்தைப் பிரித்தேன், மச்சான். மன்னித்துவிடு. ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. பாக்கெட் என் கைக்கு வந்ததும் நாற்காலி வெறும் நாற்காலியாகிவிட்டது. அவர் மெல்ல உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, ஆறிப்போன உன் தேநீரை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். சீனியில்லாமல் அதை எப்படித்தான் குடித்தாயோ? அவர் பேர் லிம். கேட்டுவிட்டேன். உன் பேரை அவரும் கேட்டார்.

நாளைக்கும் ஏழு மணிக்குப் போவேன். பிரித்த அதே பாக்கெட்டை வைத்து லிம்முக்கு இடம் பிடிப்பேன். மிச்சமிருப்பதைத் தொடமாட்டேன். தும்மல் வந்தால் சட்டையில்தான், சத்தியம்.

மீனும் ரயிலும் என் கைச்சரக்கு. மேசையில் ஆறிய அந்தத் தேநீர் மட்டும் நிஜம்.

உனக்கு இடம் பிடித்தே வயதாகிப்போன
உன் மச்சான்,
முருகேசு