ஆனேக்கல் ஞாயிற்றுக்கிழமைகள்

நேற்று ஒரு வாய்தாவுக்காக ஆனேக்கல் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பேருந்திலிருந்து இறங்கியதும் கடலை வேகும் வாசனை உப்பு ஆவியோடு முகத்தில் அடித்தது. கட்சிக்காரரின் காகிதக் கட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் இறங்கியவர் வழிவிடச் சொல்லிக் கன்னடத்தில் கேட்டார், அவருக்குப் பின்னால் வந்தவர் தமிழில் கேட்டார். நானோ எதிரில் இருந்த டீக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் அந்த ஊரில் கால் வைத்தால், அங்கே யாராவது நின்று நம்மைக் கவனிக்கிறார்களா என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். போன மழைக்காலத்தில் உன் அண்ணன்தான் போன் செய்தார். 'தங்கி', தங்கை, போய்விட்டாள் என்று கன்னடத்தில் ஒரே வரி சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் உன் அண்ணன் குரலை போனில் கேட்டதும் முதலில் வந்தது பழைய பயம். அழுகை பிறகுதான் வந்தது.

உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நீ உயிரோடு இருந்தாலும் இந்த மடலை நான்தான் உனக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். எனவே, எதிரே நீ உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

பீன்யாவில் எங்கள் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் பின்னால் வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். உன் வீடு இரண்டு தெரு தள்ளி. எங்கள் வரிசைப் பிள்ளைகளோடு விளையாடித்தான் நீ தமிழ் கற்றாய். பேச்சுக்குப் பேச்சு 'கணே' சேர்த்துக்கொள்வாய். எங்கள் 'வாடீ, போடீ'யில் வரும் 'டீ'க்கு உன் கன்னடம் அது. பி.யு.சி. படிக்கும்போது, நகரத்தில் புதிதாக வந்திருந்த சட்டப் பள்ளிக்கு நாடு முழுக்க நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள் என்ற செய்தியை நீதான் கொண்டு வந்தாய். நம் இரண்டு வீட்டிலும் கோர்ட் வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் நீ பிடித்து வந்த தடித்த வழிகாட்டி ஒன்றுதான் நம்மிடம் இருந்தது.

அந்தத் தேர்வில் எனக்குப் பிடிபடாதது சட்ட அறிவுப் பகுதி. மேலே ஒரு விதியைக் கொடுத்திருப்பார்கள், கீழே ஒரு சம்பவம் இருக்கும். யார் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். விடையை நான் மனதால் தேடுவேன். பாவப்பட்டவன் யார், கெட்டவன் யார் என்று நானே ஒரு கதை கட்டிக்கொள்வேன். நீ பென்சிலால் என் விரலில் தட்டுவாய். "சம்பவத்துல இல்லாதத நீயா சேக்காத கணே. குடுத்தத மட்டும் பாரு."

அந்த வருடக் கடைசியில் தமிழ்ப் பக்கத்துக்கு ஆற்றுத் தண்ணீர் விடச் சொல்லி உத்தரவு வந்தது. முதலில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மளிகைக் கடைக்காரர் தமிழ் எழுத்து இருந்த பலகையைக் கழற்றி, சுவர் பார்க்கத் திருப்பி வைத்தார். வெளியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை அம்மா நிறுத்திவிட்டாள், கையைக் காட்டித்தான் அழைப்பாள். பேருந்தில் பேச்சு குறைந்தது. ஏறுகிறவர்களின் வாயையே எல்லாரும் பார்ப்பது போல இருந்தது.

பிறகு அந்தப் பகல். பிரதான சாலைப் பக்கம் புகை தெரிந்ததும் உன் அம்மா வந்து எங்களை அழைத்துப்போய் உங்கள் சமையலறையில் உட்கார வைத்தார். அப்பா தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டிருந்தார். உன் அண்ணன் வாசற்படியில் நின்றபடி, தெருவில் போகிறவர்களோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். எங்களைக் காக்கிறாரா, காட்டிக்கொடுக்கப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை என்பதை உன் முகம் சொன்னது. நீ பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாய், பொறுக்கிய பருப்பையே திரும்பத் திரும்ப.

மறுநாள் அப்பா வந்தார். தொழிற்சாலைக்குள் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இன்னும் சிலரோடு ஒளிந்திருந்தாராம். எங்கள் வீட்டுப் பூட்டு உடைந்து கிடந்தது, அப்பாவின் சைக்கிள் கரிந்து கிடந்தது. அந்த வாரமே ஓசூரில் அம்மாவின் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கிளம்பும்போது, நீ வழிகாட்டிப் புத்தகத்தைப் பிளேடால் நடுவில் அறுத்து ஒரு பாதியை என்னிடம் கொடுத்தாய். ஆனேக்கல்லில் உன் அத்தை வீடு இருந்தது. ஓசூரிலிருந்து எனக்கும் நேர் பேருந்து உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே வந்து பாதியை மாற்றிக்கொள்வோம் என்றாய். அத்தையைப் பார்க்கப் போவதாக உன் வீட்டில் சொல்லிவிட்டு, மெஜஸ்டிக் பேருந்து நிலையம் போய் வண்டி மாறி நீ வருவாய். நான் மாமாவிடம், கூடப் படிக்கும் பெண்ணைப் பார்க்கப் போவதாக மட்டும் சொல்வேன். எந்த ஊர்ப் பெண் என்று அவர் கேட்டார். சொன்னேன். கேட்டுக்கொண்டு, டம்ளரில் மிச்சமிருந்த காப்பியைக் குடித்து முடித்தார்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து, வேகவைத்த கடலையை உரித்துக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்போம். சில வாரங்கள் போன பிறகுதான் அவனைக் கவனித்தோம். எதிர் டீக்கடையில் பழுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவன். நாம் வரும்போது இருப்பான், போகும்போதும் இருப்பான். நம் பக்கம் வந்ததில்லை, பேசியதில்லை. பங்குனி வெயிலில்கூட அந்த ஸ்வெட்டரைக் கழற்றாமல் நின்றான். நான் பார்த்தால் பார்வையை எடுக்க மாட்டான்.

"எங்கண்ணன் அனுப்பின ஆளுதான்," என்றாய் நீ. உன் அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, என்றைக்காவது ஒருநாள் வீட்டில் வெடிக்கும் என்று காத்திருந்தாய். ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் கெட்ட சகுனமாகப் பட்டது உனக்கு. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனாய். கேள்விக்குப் பதில் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டு டீக்கடையைப் பார்ப்பாய். வேண்டாம், இனி வராதே என்றேன். பாதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாதி வக்கீலாகவா முடியும் என்று கேட்டாய்.

தேர்வுக்கு முந்திய ஞாயிறு நீ வரவில்லை. மண்டபத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பேருந்துகள் ஒவ்வொன்றாக வந்து காலியாயின. எதிரே பார்த்தேன். அன்று டீக்கடையில் அவனும் இல்லை. அதைப் பார்த்ததும்தான் கடலைப் பொட்டலத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். ஓசூர் திரும்பி எஸ்.டி.டி. பூத்திலிருந்து உங்கள் தெருக்கடைக்கு போன் போட்டேன். அவள் அண்ணனைக் கூப்பிடட்டுமா என்று கடைக்காரர் கேட்டதும் வைத்துவிட்டேன்.

தேர்வு நாளன்று அப்பாவோடு பெங்களூர் வந்தேன். அப்பா வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். தேர்வுக் கூடத்து வாசலில் உன் அண்ணனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னாலிருந்து நீ இறங்கினாய். முகத்தில் காயமில்லை, கையில் கட்டில்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய், ஆனால் பக்கத்தில் வரவில்லை. எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தாய். தேர்வு முழுக்க, எழுதாமல் அசையாதிருக்கும் உன் முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது உன் அண்ணன் உன்னையும் கூட்டிக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். உன் அண்ணன் தமிழ் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை. சொல்லைத் தேடித் தேடிப் பேசினார்.

"போன வாரத்துக்கு முந்தின வாரம், உங்க ஆளு ஒருத்தன் என் தங்கச்சி கூடவே பஸ்ஸுல ஏறி மெரட்டியிருக்கான். பழுப்பு ஸ்வெட்டர். உங்க மச்சான் பேரச் சொன்னானாம். நீங்க கேளுங்க."

நம் இருவருக்கும் ஒரே நேரத்தில் தலை குனிந்தது. அந்த ஆள் உன் அண்ணன் அனுப்பியவன் என்பது சம்பவத்தில் இல்லவே இல்லை. நாம் சேர்த்துக்கொண்டது அது. நீ ஆனேக்கல்லுக்கு என்னைப் பார்க்கத்தான் வருகிறாய் என்பதே உன் அண்ணனுக்கு, அந்த ஆள் உன்னை மிரட்டிய பிறகு நீ அழுது சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகு, தேர்வுக்குத் தன் ஸ்கூட்டரிலேயே கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

அன்று மதியம் ஓசூரில் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா உட்காராமல் கேட்டார். மாமா மறைக்கவில்லை. தெரிந்த லாரிக்காரன் ஒருவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதாகவும், கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவைக்கச் சொன்னதாகவும் சாதாரணமாகச் சொன்னார்.

"மெரட்டலெல்லாம் இல்ல மாப்ள. அவங்க நமக்குப் பண்ணது அதுக்குள்ள மறந்துடுச்சா?"

பீன்யாவை விட்டு வந்த பிறகு அப்பா அதைப் பற்றி வாய் திறந்தது அந்த ஒருமுறைதான்.

"அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி நான் எப்படி உக்காந்திருந்தேன்னு எனக்குத் தெரியும். அதே மாதிரி ஒரு பொண்ண பஸ்ஸுல உக்கார வச்சிருக்கீங்க. இனிமே இந்த வீட்டுல எனக்குச் சோறு எறங்காது."

அம்மா அழுதாள், தடுக்கவில்லை. அந்த வாரமே பெங்களூர் திரும்பினோம். பீன்யாவுக்குப் போக அப்பாவுக்கு மனம் வரவில்லை. அல்சூரில், ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீடு பார்த்தார்.

முடிவு வந்தபோது என் பெயர் இருந்தது, உன் பெயர் இல்லை. அந்தப் பேருந்துதான் காரணம் என்று நான் சொல்லத் தொடங்கியதும், சம்பவத்தில் இல்லாததைச் சேர்க்காதே என்று வாயை அடைத்தாய். மாலைக் கல்லூரியில் சேர்ந்து படித்து, எனக்கு ஒரு வருடம் பின்னால் கறுப்பு அங்கி போட்டாய். குடும்ப நீதிமன்றத்தில் உன்னைப் போல மிரட்டலுக்கு அசையாதவள் கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேருந்துதான் நினைவுக்கு வரும். பேருந்தில் அவன் என்ன சொன்னான் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பேச்சை மாற்றிவிடுவாய்.

வருடங்கள் கழித்து மறுபடியும் அந்த ஆற்றுத் தண்ணீர் செய்தியில் வந்தது. கடைகளின் கதவுகள் பாதி இறங்கிய ஒரு காலையில் நீ கைப்பையில் இரண்டு புடவையோடு அல்சூர் வீட்டுக்கு வந்தாய். எல்லாம் அடங்கும்வரை இங்கேதான் இருப்பேன் என்றாய். கைக்குழந்தையாக இருந்த என் மகளை மடியில் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்க்கிற ஜன்னலோரம் உட்கார்ந்தாய். எதற்கு இந்த வேலை உனக்கு என்று கடிந்தேன். அப்போதுதான் சொன்னாய்.

"அவன் திட்டவே இல்ல கணே. பக்கத்துல உக்காந்து மெஜஸ்டிக் வரைக்கும் சும்மா வந்தான். எறங்கும்போது உங்க மாமா பேரச் சொல்லிட்டு மெதுவா சொன்னான். 'எங்க பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா மொதல்ல உன்னத்தான் தேடி வருவோம்'னு."

குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டே சிரித்தாய். "அன்னிக்கிலேருந்து உனக்கு ஒரு ஜலதோஷம்னாகூட எனக்கு பயம்."

நான் சிரிக்கவில்லை. எனக்காகத்தான் அவன் அதைச் சொல்லியிருக்கிறான். நான் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக. மாமா கெட்டவர் இல்லை. அவர் வீட்டில் படுத்து, அவர் போட்ட சோற்றைத் தின்றுதான் நான் அந்தத் தேர்வுக்குப் படித்தேன். அந்த அன்புதான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயிலில் நின்று உன்னைப் பார்த்தது. நீயோ அத்தனை வருடம் அதை எனக்குச் சொல்லாமல், என் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு என்னோடு கோர்ட் வராந்தாவில் நடந்திருக்கிறாய்.

இந்த வாரம் ஆற்று வழக்கின் தீர்ப்பு வரப்போகிறது என்கிறார்கள். பள்ளியில் பிள்ளைகளைச் சீக்கிரம் அழைத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். எதிர்க் கடைக்காரர் இன்று காலை ஏணி போட்டு ஏறி, தன் பலகையின் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கினார். ஓசூரிலிருந்து மாமாவின் மகன் போன் செய்தான். மாமா போய்விட்டார், குரல் மட்டும் அவனிடம் அப்படியே இருக்கிறது.

"பாப்பாவ இங்க அனுப்பிடுக்கா. எங்க பொண்ணு மேல எவனாவது கை வைக்கட்டும், அப்புறம் இருக்கு."

பாசத்தில்தான் சொன்னான். எனக்கு அதே 'எங்க பொண்ணு'தான் கேட்டது. அனுப்ப மாட்டேன், இங்கேதான் இருப்பாள் என்றேன். மாடிப்படியில் என் மகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கன்னடத்தில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். பாப்பா யாரோடு விளையாடுகிறாள், அந்தப் பெண் பெயர் என்ன என்று விசாரித்தான்.

சொல்லவில்லை. தேடி வர ஒரு பெயர் போதும். இந்த மடலிலும் பார், உன் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை.