பதினோரு ஜோடி

அன்புள்ள தோழிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதைப் படி.

நீ மலையிலிருந்து கொண்டுவந்த லில்லிக் கிழங்கைப் போன வாரம் வேறு தொட்டிக்கு மாற்றினேன். புதுவேர் விட்டிருந்தது. நுனியைக் கிள்ளி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் நானே எண்ணினேன். லில்லி என்றால் பன்னிரண்டு ஜோடி குரோமோசோம் என்றுதானே படித்தோம்? இதில் பதினொன்று. நாற்பது செல்லிலும் அப்படித்தான். எதுவும் தொலையவில்லை, எந்தக் காலத்திலோ இரண்டு சின்ன ஜோடிகள் ஒட்டி ஒரே ஜோடியாகியிருக்கின்றன.

ஒன்பது வருடம் முன்பு ஆய்வகக் கூட்டத்தில் நீ சொன்னதும் இதைத்தான். “ஸ்லைடு போடவே தெரியாதவங்க எண்ணினத எப்படி நம்புறது?” என்று எல்லார் முன்னாலும் கேட்டவள் நான். லேப் கோட்டை மடித்து வைத்துவிட்டுப் போனவள் போனவள்தான் நீ.

நேற்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

“இத்தனை வருஷமா ஏன்மா திரும்ப எண்ணிப் பாக்கல?”

“அவ சொன்னது சரியா இருந்துடுமோன்னு பயம் சார்.”



கட்டுரை வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வியாழக்கிழமை ஆய்வகத்துக்கு வந்து நீயே ஒருமுறை பார்த்துவிடு. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் ஒரு வரி எழுது. அன்று நான் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன்.

உன் பக்கத்து மேஜைக்காரி