நேரந்தவறாமைக்கு நாலரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இந்த வயதுக்கு எவ்வளவு நலமாக இருக்கலாமோ அதில் பாதி நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று நீ அனுப்பும் படங்கள் சொல்கின்றன, ஆனால் படத்தில் யார்தான் நலமில்லாமல் இருக்கிறார்கள், அதனால் அந்த இருமல் நின்றதா என்று ஒரு வரி தனியாக எழுது. போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். இருப்பதே இரண்டு அறை, நடுவில் கதவு என்று இருந்த ஒன்றையும் சக்கர நாற்காலி நுழையவில்லை என்று கழற்றிச் சுவரில் சாய்த்தாயிற்று. அதனால் மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதி, பள்ளியின் ஸ்கேனரில் வைத்து அனுப்புகிறேன். ஸ்கேனர் சொந்த வேலைக்கு அல்ல என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் இந்தப் பள்ளியில் நான் மீறும் முதல் அறிவிப்பு இது, கொஞ்சம் வியர்க்கிறது.

அப்பாவின் வலது கை இன்னும் அவர் பேச்சைக் கேட்கவில்லை, கால் பரவாயில்லை. பேச்சு குழறல்தான், கோபம் வந்தால் மட்டும் அட்சர சுத்தமாக வருகிறது, அதனால் அடிக்கடி கோபப்பட வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்க நினைத்திருக்கிறேன். லிஃப்ட் நின்று நான்காவது மாதம். விரைவில் சரிசெய்யப்படும் என்று மாட்டிய அட்டை வெளுத்துவிட்டது, போன வாரம் புது அட்டை மாட்டினார்கள், வேலை அந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது. செவ்வாயும் சனியும் இயன்முறைச் சிகிச்சைக்கு அவரை நாற்காலியோடு மூன்று மாடி இறக்க வேண்டும். இரண்டாம் மாடி பிளம்பர் முன்பக்கம் பிடிப்பார், காவலாளி பின்பக்கம், நான் தண்ணீர் பாட்டிலைப் பிடிப்பேன். "சார், மூச்சப் புடிச்சுக்குங்க, வெயிட்டு கொறையும்" என்பார் பிளம்பர். நாற்பது வருடம் நிலம் அளந்த மனிதர், அது பொய் என்று தெரியாதவரில்லை, ஆனாலும் மூன்று மாடிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். போன சனிக்கிழமை பிளம்பர் எங்கோ வேலைக்குப் போய்விட்டார். அப்பா சட்டை எல்லாம் மாட்டி, தலை வாரி, கதவோரம் பதினொரு மணிவரை இருந்துவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார்.

இதற்காகத்தான் ஏரிக்கரைப் பள்ளியில் இயற்பியலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று உனக்கு எழுதியது. ஆசிரியருக்கு வளாகத்திலேயே தரைத்தள வீடு, பெற்றோர் உடன் இருக்கலாம், வாசலில் படிக்குப் பதில் சாய்தளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன், பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறுகிறது, புத்தகத்தில் போட்டிருக்கிற சாய்வு. அப்பாவிடம் சொன்னதும் வாசல் எந்தத் திசை என்று கேட்டார், கேட்டு மனசுக்குள்ளேயே கட்டிலைப் போட்டுவிட்டார். நீ விண்ணப்பம் அனுப்பி ஆறு வாரம் பதிலில்லை. நீ அங்கே பாடம் எடுக்கும் பள்ளியோ ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கிறாயா என்று மாதக் கடைசிக்குள் கேட்கிறது. பொறு, பொறு என்று உன்னைக் கையெழுத்துப் போடவிடாமல் பிடித்து வைத்திருப்பவள் நான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், நீட்டி முழக்குவது சொல்லத் தைரியம் இல்லாததால்.

எங்கள் பள்ளியில் ஆசிரியர்களின் தொழில் வளர்ச்சிக்கென்று ஒரு ஒருங்கிணைப்பாளரைப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி, கதவு, குடிநீர்க் குழாய் என்று எதைப் பார்த்தாலும் வண்ணத் தாள் ஒட்டி "வளர்வோம்" என்று எழுதுவதால் அவள் பெயர் ஸ்டிக்கர் மிஸ். நல்ல பெண், உன் வயதுதான். உன் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னதும் சிரித்தாள். "மேடம், இன்டர்நேஷனல் ஸ்கூல் வேலையெல்லாம் அப்ளை பண்ணிக் கெடைக்காது, ஆளத் தெரிஞ்சாத்தான் கெடைக்கும். உங்க நெட்வொர்க்குல எத்தன பேர் இருக்காங்க?" என்றாள். எனக்குத் தெரிந்தவர்கள் ஆறு பேர், அதில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள் என்றேன். "அதான் மேடம் பிரச்சினையே" என்று சொல்லி, பன்னாட்டுப் பள்ளி ஆசிரியர்களின் வளர்ச்சிக்கும் தொடர்புக்குமான மூன்று நாள் மாநாட்டுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஏரிக்கரைப் பள்ளியின் தலைமையாசிரியரும் வருகிறார் என்று பட்டியலில் இருந்தது. பெயரைப் படித்ததும் பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன், ஏன் என்பதற்கு வருகிறேன்.

மாநாடு ஒரு ஓட்டலின் கல்யாணக்கூடம் போன்ற ஹாலில் நடந்தது, ஜன்னல் கிடையாது, குளிர்சாதனம் சவக்கிடங்குக்கு ஏற்றது. கழுத்தில் வண்ணப் பட்டி மாட்டினார்கள், இருபது வருடத்துக்கு மேல் அனுபவம் என்றால் சாம்பல் நிறம், தூரத்திலிருந்தே பார்த்து விலகிப் போக வசதியாக. முதல் நாள் இருநூறு பேரை வட்டமாக நிற்கவைத்து ஒரு நூல்கண்டைத் தூக்கிப் போட்டார்கள். பிடித்தவர் தன் கனவைச் சொல்லி, நூலை விரலில் சுற்றிக்கொண்டு, அடுத்தவருக்கு எறிய வேண்டும், கடைசியில் வலைபோல் ஆகும், இதுதான் நாம் என்பார்கள். ஆனது. ஒரு மணி நேரம் ஆனது. பிறகு அவிழ்க்க ஒன்றரை மணி நேரம், கத்தரிக்கோல் கேட்டால் உறவை வெட்டக் கூடாது என்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் சிக்கியிருந்த உயிரியல் ஆசிரியர், "பூச்சிக்காவது சிலந்தி வந்து முடிச்சு வைக்கும் மேடம்" என்றார். மாநாட்டில் கேட்டதில் அது ஒன்றுதான் குறித்துக்கொள்ளும்படி இருந்தது. இரண்டாம் நாள் லிஃப்ட் பேச்சு. முக்கியமான மனிதரோடு லிஃப்டில் போகும் முப்பது விநாடிக்குள் உன்னைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டுமாம். எங்கள் லிஃப்டில் என்றால் நான்கு மாதம் பேசலாம் என்றேன், பயிற்சியாளர் நேர்மறையாகச் சிந்திக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள்தான் நான் காத்திருந்தது. இரண்டு வரிசை நாற்காலி, எதிரும் புதிருமாக, ஆளுக்கு நான்கு நிமிடம், மணி அடித்தால் ஒரு வரிசை நகர வேண்டும். என் எதிரில் ஒன்பதாவதாக வந்து உட்கார்ந்தார் உருண்டை சார். உனக்கு நினைவிருக்கும், எங்கள் பள்ளியில் புவியியல் எடுத்தவர், உலக உருண்டையை இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு மாடி ஏறி, மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்து வகுப்புக்கு வருவார். அவர்தான் இப்போது ஏரிக்கரைப் பள்ளியின் தலைமையாசிரியர். உருண்டை இல்லை, கோட்டு இருந்தது. உனக்குத் தெரியாத ஒன்று, ஏழு வருடத்துக்கு முன் அவர் வேறு பள்ளிக்குப் போக முயன்றபோது அவருக்கான ரகசியப் பரிந்துரைப் படிவம் எனக்குத்தான் வந்தது. பன்னிரண்டு வரி, வரிக்கு ஐந்து கட்டம். பதினோரு வரிக்கு நான்கு போட்டேன். நேரந்தவறாமைக்கு மூன்று. அந்த நான்குதான் மனிதர் ஒருவருக்கு நான் அதுவரை போட்ட மிக உயர்ந்த மதிப்பெண், உன் அப்பாவுக்குப் படிவம் வந்திருந்தால் மூன்றுக்கு மேல் போயிருக்க மாட்டேன். ஆனால் அந்தப் படிவத்தில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஐந்து போடுவார்களாம், நான்கு என்றால் ஜாக்கிரதை என்று அர்த்தமாம், மூன்று என்றால் போலீஸுக்குச் சொல் என்று அர்த்தமாம். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. ரகசியம் என்பது எல்லாருக்கும் தெரிந்தது என்பதையும் சொல்லவில்லை.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், கோவம்லாம் இல்ல. அந்தப் படிவம் போன ஊர்லதான் என் மனைவிக்கு வேலை. அந்த எடம் போச்சு. மூணு வருஷம் அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எம் பொண்ணு நடக்க ஆரம்பிச்சதையே போன்லதான் பாத்தேன்" என்றார். மன்னிச்சுக்குங்க சார் என்றேன், அது சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ. பிறகு அவரே உன் பேச்சை எடுத்தார். உன் விண்ணப்பம் அவர் கைக்கே வரவில்லையாம், அதில் நீங்களே உங்களை மதிப்பிடுங்கள் என்ற பக்கத்தில் நீ எல்லாவற்றுக்கும் மூன்று போட்டிருக்கிறாயாம், நான்குக்குக் கீழே இருப்பதைக் கணினியே தள்ளிவிடுமாம், தள்ளியவர்கள் பட்டியலில் உன் பெயரையும் ஊரையும் பார்த்து அவராகத் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறார். "அம்மாவும் பொண்ணும் ஒரே பேனாவுலதான் எழுதுவீங்களா?" என்று சிரித்தார். இதை உன் மேல் குற்றமாக எழுதவில்லை பாப்பா. ஏழாம் வகுப்பில் கணக்கை எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு வந்தவளுக்கு, அடிக்கோடு ஸ்கேல் வைத்துப் போடவில்லை என்று இரண்டு மதிப்பெண் குறைத்த டீச்சரும் நான்தான், வீட்டுக்கு வந்து அதற்கு நீ அழுதபோது தலை வாரிவிட்டவளும் நான்தான்.

கேள், இனிமேல்தான் இருக்கிறது. தலைமையாசிரியருக்கு வருடத்துக்கு ஒருவரைக் கணினியைத் தாண்டி எடுத்துக்கொள்ள உரிமை உண்டாம். உன் பெயரைப் போடலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, விளையாட்டாகத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன், "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தப் படிவம் இப்ப வந்தா எனக்கு அஞ்சு போடுவீங்களா மேடம்?" என்றார். என் எதிரில் அந்தச் சாய்தளம் தெரிந்தது. அப்பா சட்டை மாட்டிக் கதவோரம் இருந்தது தெரிந்தது. ஒரு சொல், பாப்பா. நான் சொன்னது இது: "எல்லாத்துக்கும் அஞ்சு சார், கண்ண மூடிட்டுப் போடுவேன். நேரத்துக்கு வர்றதுக்கு மட்டும் நாலரை. லேட்டா வந்தது வந்ததுதானே." அரை மதிப்பெண்ணுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. நான் மூன்றிலிருந்து நாலரைக்கு ஏறியதைப் பெரிய தாராளம் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அவர் எழுந்து, கைகூப்பி, "நீங்க மாறவே இல்ல மேடம்" என்று சொல்லி அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார், மிகச் சரியான நேரத்துக்கு.

வெளியே வரும் வழியில் மாநாட்டை மதிப்பிடச் சொல்லி ஒரு படிவம் நீட்டினார்கள். உணவு, ஒலிபெருக்கி, நூல்கண்டு, என் தொழில் வளர்ந்த அளவு, எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுக் கொடுத்தேன். மாநாடு முடிந்த ஒன்பதாம் நாள் உருண்டை சாரின் அலுவலகத்திலிருந்து எனக்கு நாலு வரி வந்தது. இடம் நிரப்பப்பட்டுவிட்டது, ஆர்வத்துக்கு நன்றி, தொடர்பில் இருப்போம். வந்தவர் யாரென்று ஸ்டிக்கர் மிஸ் விசாரித்தாள். வேதியியல் படித்தவராம், இயற்பியலும் எடுப்பாராம், தன்னைப் பற்றி எல்லா வரிக்கும் ஐந்து போட்டவராம். போன் பண்ணிக் கெஞ்சலாமா என்று மூன்று நாள் யோசித்தேன், நான்காம் நாள் பண்ணினேன், அவர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள், ஐந்தாம் நாளும் கூட்டத்தில்தான் இருந்தார். கோபப்பட எனக்கு உரிமையில்லை. நான் பிரித்தது ஒரு குடும்பத்தை மூன்று வருடம், அது எனக்கு ஒரு வேலைநாள் மதியம், ஒரு கட்டத்தில் ஒரு டிக்.

அதனால், நீ கையெழுத்துப் போட்டுவிடு. மாதக் கடைசிவரை இழுக்காதே. வேறு பள்ளி பார்க்கலாம் என்று எனக்கு எழுதாதே, நான் பார்த்துவிட்டேன், இந்த ஊரில் உன் பாடத்துக்கு வேறு இடம் இல்லை, எனக்கும் அடுத்த வருடத்தோடு வேலைக்கான வயது முடிகிறது, பிறகு ஆசிரியர் அறைகூட கிடையாது. புதுப்பிக்கும் படிவத்தில் உன்னை நீயே மதிப்பிடச் சொல்வார்கள். ஐந்து போடு. கை வராவிட்டால் பக்கத்து மேசையில் இருப்பவளைப் போடச் சொல்லிவிட்டு நீ எழுந்து தண்ணீர் குடிக்கப் போ. மாநாடு என்றால் போ, கனவு என்ன என்று கேட்டால் ஏதாவது சொல், நூலைக் கொடுத்தால் பிடி. விடுமுறையில் வருவதற்கு டிக்கெட் இப்போதே பார்க்காதே, இரண்டு வாரத்துக்கு வந்து நீ திரும்பிப் போவதை அவர் மூன்றாம் மாடியிலிருந்து பார்ப்பது வராததைவிடக் கஷ்டம்.

அப்பாவிடம் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். "அஞ்சுன்னு சொல்லியிருந்தா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்திருக்கும்?" என்றார், ஓர் எழுத்துக்கூடக் குழறாமல்.  சாயந்திரம் விளக்குப் போடப் போனபோது கூப்பிட்டு, "பாப்பாகிட்ட நீ எதுவும் சொல்லாத. அந்த எடத்தையே எடுத்துட்டாங்கன்னு நான் சொல்லிக்கிறேன். உன்னால போச்சுன்னு அவளுக்குத் தெரிய வேணாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரே உனக்கு போன் பண்ணப் போகிறார். நான் அடுப்படியில் இருக்கும்போது ஒத்திகை பார்க்கிறார், கேட்கிறது. முதலில் நிர்வாகக் காரணங்கள் என்று சொல்லிப் பார்த்தார், நிர் என்பதோடு நாக்கு நின்றுவிட்டது, இப்போது காசில்லையாம் என்று மாற்றிக்கொண்டிருக்கிறார். நாற்பது வருடத்தில் ஓரடி நிலத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதாத மனிதர், எனக்காக ஒரு பொய்யை மனப்பாடம் செய்கிறார், அதுவும் பாதிதான் வருகிறது.

தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. எங்கே இருந்தாலும் உடம்பில் தெம்போடும், கேட்க ஆளோடும், ஏறி இறங்க வழியோடும் நீ இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறந்துவிடாதே. அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே, முடித்ததும், அப்படியாப்பா, போகட்டும் என்று சொல். மேற்கொண்டு எதுவும் கேட்காதே, அதற்கு மேல் அவர் தயார் செய்யவில்லை.

உன்,
அம்மா