இருபத்தாறு மகிழ்ச்சிகள்

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாம் வகுப்பில் எனக்கு இருபத்தாறு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னேன். இருபத்தாறு நோட்டிலும் கடைசி வரி ஒன்றே: "மகிழ்ச்சியாக இருந்தது." ஜெபினும் மாமா வீட்டுக்குப் போனானாம், மகிழ்ச்சியாக இருந்ததாம். கெண்டைக்காலில் பெரிய கட்டு.

"என்னல இது?"

"மாமா வீட்டு நாய் கடிச்சிட்டு டீச்சர்."

"அத ஏம்ல எழுதல?"

"அதெல்லாம் எழுதலாமா டீச்சர்?"

பள்ளி முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்து சேரும்வரை பஸ்ஸில் அந்தக் கேள்விதான். எழுதலாம் என்று யாருமே சொல்லவில்லையா? ஆறு வருடமாக நானும்தானே சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

என் கதையிலேயே ஆரம்பித்தேன். "நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தேன்" என்று பலகையில் எழுதி, கேள்வி கேட்கச் சொன்னேன். எங்கே? இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில். கையில் என்ன? டிபன் பாக்ஸ். உள்ளே? தயிர்சாதம். கொட்டிருச்சா? பாதி. அல்ஃபியா கடைசியாகக் கேட்டாள்: "யாரு டீச்சர் தூக்கிவிட்டா?"

யாருமில்லை. நானே எழுந்து சிரித்துக்கொண்டே நடந்தேன். ஏன் சிரித்தேன்? அதையும் எழுதினேன். பலகை நிறைந்துவிட்டது.

ஜூலை 14, திங்கள்

தலைமையாசிரியர் ராஜரத்தினம் சார் கூப்பிட்டார். "ஆய்வுக்கு வாரவிய எழுத்துப்பிழை இருக்கான்னுதான் பாப்பாவ. நாய் கடிச்ச கதையெல்லாம் எதுக்கும்மா?" ஒரு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறேன். விடப்போவதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பாண்டிசெல்வி! இரண்டு வரியைத் தாண்டாதவள். "அம்மா மில்லில் இருந்து வந்தாள்" என்று எழுதிக்கொண்டு வந்தாள். வந்ததும் நீ என்ன பார்த்தாய் என்றேன். போய் எழுதி வந்தாள். அப்புறம் என்றேன். மறுபடி போனாள். நாலு முறை. கடைசியில் இது:

"அம்மா தலையில் பஞ்சு இருந்தது. நான் எடுத்தேன். அம்மா கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. மிஷின் இழுத்துவிட்டது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சூப்பர்வைசர் சொன்னாராம். அம்மாவால் எனக்குச் சடை போட முடியவில்லை. அம்மா சொல்லச் சொல்ல நானே போட்டேன். கோணலாக வந்தது."

இரண்டு தடவை வாசித்தேன். படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எல்லாரும் பார்க்கட்டும்.

ஜூலை 23, புதன்

எழுதவே கை வரவில்லை. பாண்டிசெல்வியின் அம்மா சண்முகத்தாய் காலையிலேயே பள்ளி வாசலில் நின்றார்.

"அந்த குரூப்புல எங்க மில்லுக்காரவிய நாலு பேரு இருக்காவ டீச்சர். சூப்பர்வைசர் காதுக்குப் போயிருச்சு. மூணு நாளைக்கு வரவேண்டாம்னுட்டாரு. பொறவு எடுப்பாவளோ என்னமோ."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். படத்தை உடனே அழித்தேன். அழிச்சு என்ன? அம்புட்டுப் பேரும் பார்த்தாச்சு. எட்டு வயசுப் பிள்ளை என்னை நம்பி எழுதினதை ஊருக்குக் காட்டி — எனக்குப் பேர் வாங்கத்தானே? ஆமா. அதுக்குத்தான்.

ஜூலை 24, வியாழன்

பாண்டிசெல்வி நோட்டைத் திறக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

சண்முகத்தாயை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நேற்று வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையிடம் தனியாகக் கேட்டேன். தலையாட்டினாள்.

இன்று ராஜரத்தினம் சார், "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன். நிறுத்திருங்கம்மா" என்றார்.

"தப்பு அவ எழுதினதுல இல்ல சார். நான் காட்டினதுல."

நிறுத்தமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். வகுப்பில் இனிமேல் நோட்டு அவரவருடையது. பக்கத்தை மடித்து வைத்தால் நான்கூட வாசிக்கக் கூடாது.

ஆகஸ்ட் 6, புதன்

ஆறு பேர் மடித்திருக்கிறார்கள். பிரித்துப் பார்க்க ஆசை. பார்க்கவில்லை. பிஸ்கட்டைக் காட்டிக் காட்டி நாயை ஏமாற்றினதாக ஜெபின் இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறான். பாண்டிசெல்வி தேதி மட்டும் எழுதினாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாலை மணி அடித்ததும் சண்முகத்தாய் உள்ளே வந்தார். கையில் மகளின் நோட்டு.

"நேத்து வாசிச்சுக் காட்டுனா டீச்சர். நான் விரல்ல கட்டோட வந்த அன்னைக்கு நடந்தத மறுபடி எழுதியிருக்கா. மூணு பக்கம். எல்லாம் சரி, ஒண்ணுதான் தப்பு. நான் அழுதேனாம். நான் எங்க அழுதேன்? திருத்தச் சொல்லுங்க."

"நீ அழுத," என்றாள் பாண்டிசெல்வி.

"ஏட்டி, இல்லங்கேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "நான் அங்க இல்லையே," என்றேன்.

பாண்டிசெல்வி படியில் உட்கார்ந்தாள். அந்த வரியை அழித்தாள், எழுதினாள், அம்மாவிடம் நீட்டினாள். அவர் எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார்:

"அம்மா அழவில்லை என்று சொல்கிறாள். ஆனால் சேலை நுனி ஈரமாக இருந்தது."

நோட்டை மூடி மகளிடம் கொடுத்தார்.

"சரி, இருக்கட்டும் டீச்சர்," என்றார்.