ஞாயிறு தேதியிட்ட பத்திரிகை

தோழர்,

என் மகளின் கல்யாணப் பத்திரிகை இன்று அச்சகத்திலிருந்து வந்தது. கட்டைப் பிரித்ததும் மை வாசனையோடு மண்ணெண்ணெய் வாசனையும் எழுந்தது. அச்சு மையை மண்ணெண்ணெயால் கழுவும் உங்கள் கை வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்று நீங்களே சிரிப்பீர்கள்.

தில்லித் தமிழ்த் தொழிலாளர்களுக்காகக் கட்சி நடத்திய அந்த நாலு பக்க வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர், கட்டுச் சுமப்பவர் எல்லாம் நீங்கள்தான். வெள்ளி மாலையே அச்சடித்து, நாலா என்ற சாக்கடைக் கால்வாயின் ஓரத்தில் இருந்த எங்கள் குடிசைகளுக்குக் கொண்டுவருவீர்கள். தேதி மட்டும் ஞாயிறு. எங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் குழாயடியில் நின்று நீங்களே உரக்கப் படிப்பீர்கள். ஞாயிறு நடக்கப்போகும் ஊர்வலத்தில் மக்கள் திரண்டதாக வெள்ளியே படிப்பீர்கள். நான் கேலி செய்தால், "செய்தி முன்னாடி போகணும் தோழர், ஜனங்க பின்னாடி வந்துடுவாங்க" என்பீர்கள். வந்தும்விடுவோம்.

குடிசைகளை இடிக்க நோட்டீஸ் ஒட்டிய வாரம் அப்படி நடக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நானும் பக்கத்து வீட்டு அஞ்சலையும் ஒரு டெம்போ பிடித்து, என் தையல் மெஷினையும் அவளுடைய டிரங்குப் பெட்டியையும் ஏற்றிவிட்டோம். சாயங்காலத்துக்குள் கோர்ட் தடை கொடுத்துவிடும் என்று வக்கீல் சொன்னதை நம்பி, 'இடிப்பு நின்றது' என்று முதல் பக்கத்தில் போட்டுக் கொண்டுவந்தீர்கள். நீங்கள் படித்து முடித்ததும் கை தட்டினோம். சாமான்களை இறக்கி வைத்தோம்.

தடை கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை புல்டோசர் வந்தது. நீங்கள் ஓடி வந்தபோது என் மெஷின் செங்கல்லுக்கு அடியில் கிடந்தது. அஞ்சலையின் பெட்டியைத் தோண்டியெடுக்க அவளைப் போலீஸ் விடவில்லை. ரேஷன் கார்டு அதற்குள் இருந்தது. கார்டு காட்டாதவர்களுக்கு மாற்று மனை கிடையாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

"அரே தோழர், நின்னுடுச்சுன்னு நீங்கதானே படிச்சீங்க? டெம்போவத் திருப்பி அனுப்பிட்டோமே!" என்று அஞ்சலை உங்கள் சட்டையைப் பிடித்தாள்.

"நின்னுடும்னு நம்பி எழுதிட்டேன்மா. தப்பு என்னுது."

நான் அவளைத் தடுக்கவில்லை. எனக்கும் உங்களை அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

நடக்காததை நடந்ததாக எழுதிவிட்டேன் என்று அடுத்த இதழில் உங்கள் பெயரைப் போட்டு மன்னிப்புக் கேட்டீர்கள். எதிரிக்கு இடம் கொடுத்துவிட்டீர்கள் என்று கட்சி உங்களை ஆசிரியர் பொறுப்பிலிருந்து நீக்கியது. ஊருக்கு வெளியே எங்களுக்குக் கொடுத்த பொட்டலுக்கு பஸ் மாறி மாறி வந்து, தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் நின்று அந்த மன்னிப்பையும் நீங்களே படித்தீர்கள். யாரும் கை தட்டவில்லை. அஞ்சலையைத் தேடி மேம்பாலங்களுக்கு அடியில் அலைந்தீர்கள். பிள்ளைகளோடு எங்கே போனாளோ, கிடைக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி நீங்களும் போய்விட்டீர்கள். உங்கள் மேல் செங்கொடி போர்த்தக்கூடக் கட்சியிலிருந்து யாரும் வரவில்லை.

எனக்கு உங்கள் மேல் கோபம் இன்னும் தீரவில்லை, தோழர். நோட்டீஸ் ஒட்டியவர்கள், புல்டோசர் அனுப்பியவர்கள், மனை இல்லை என்றவர்கள், எவரும் எங்கள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீங்கள் ஒருவர்தான் வந்து தப்பு என்னுது என்றீர்கள். அதனால்தானோ என்னவோ, உங்களிடம் மட்டும்தான் கோபித்துக்கொள்ள முடிகிறது.