அறிக்கையில் ஏறிய என் பேச்சு

சுங்கை லாலாங்,
3 ஆகஸ்டு

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு,

நீ ரோட்டர்டாமில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் நலம் என்று இந்தத் தடவை எழுதப்போவதில்லை. போனில் நீ ‘அம்மா’ என்று கூப்பிட்டால் என் கோபம் கரைந்துவிடும், கரையக்கூடாது என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

போன வாரம் உன் தம்பி சசிதரன் கூலிமில் வேலை முடிந்து வரும் வழியில் தோட்ட ஆபீஸ் பலகையில், ஆலைகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் உங்கள் கம்பெனியின் அறிக்கையைப் பார்த்துப் படம் பிடித்து வந்தான். நம் ஆலையின் செம்பனை எண்ணெய் அங்கே லாரிகளுக்கு டீசலாகப் போகிறதாம், சுத்தமான எண்ணெய் என்று நீங்கள் முத்திரை குத்திவிட்டீர்களாம். இங்கே நான் ஒரு பாக்கெட் சமையல் எண்ணெய்க்குக் குருண் டவுன் வரைக்கும் அலைகிறேன், அது போகட்டும். அதே அறிக்கையில், இங்கே முப்பத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கும் ஒரு பெண்மணி, கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது, ஆலையால் தொந்தரவே இல்லை என்றாராம். எவள் அந்தப் பொய்யைச் சொன்னவள் என்று கேட்டேன். தம்பி கடைசிப் பக்கத்தைக் காட்டினான். “எழுதனது அக்காதாம்மா. பேரு போட்டிருக்கு.”

தீபாவளிக்குப் பேசும்போது, தண்ணீர் எப்படி, ஆலை நாற்றம் உண்டா என்று நீ துருவித் துருவிக் கேட்டாய். மகளுக்கு நம்மேல் எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போனேன். எல்லாம் நல்லா இருக்கு, நீ வேளைக்குச் சாப்பிடு என்றேன். கடல் தாண்டி இருக்கும் பிள்ளையிடம் தாய் வேறென்ன சொல்வாள்? அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் உனக்குப் பரீட்சை என்று அப்படித்தான் சொன்னேன், உண்மை தெரிந்து ஒரு மாதம் நீ என்னோடு பேசவில்லை. என் ‘நல்லா இருக்கு’ எவ்வளவு பெறும் என்று உனக்குத் தெரியாதா யோகேஸ்? தெரிந்தே அதை எடுத்து எழுதினாயே. ஆலைக்காரன் செய்திருந்தால் அவன் பிழைப்பு என்று விட்டிருப்பேன். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

நீ கேட்காமலே உண்மையைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் ஆலையின் கழிவுக் குளம் நிரம்பி வழிந்து ஓடையில் கலக்கிறது. கிணற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கிறது, குளித்தால் உடம்பெல்லாம் அரிப்பு. பக்கத்து வீட்டு மணியம் அண்ணனின் இரண்டு மாடுகள் ஓடைத் தண்ணீர் குடித்துச் செத்தன. உன் அறிக்கையைக் காட்டி இப்போது நம் வீட்டு வரிசைக்குப் பின்னால் இன்னொரு குளம் வெட்ட அனுமதி வாங்கிவிட்டார்கள். மணியம் அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எல்லாரும் கூடிச் சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் புகார் எழுதினார்கள். என் முகத்துக்காக யாரும் உன் பெயரை எழுதவில்லை. நான்தான் பேனாவை வாங்கி எழுதினேன். அந்தப் பெண்மணி நான், என் பேச்சை எடுத்து எழுதியவள் என் மகள் என்று எழுதி முதல் கையெழுத்தும் போட்டேன். அக்கா வேலை போய்விடும் என்று தம்பி தடுத்தான். எனக்கும் தெரியும்.

குளிர் வந்தால் காதை மூடிக்கொள். கடவுச்சீட்டு இந்த வருஷம் முடிகிறது, மறக்காதே. நூறாண்டு நன்றாக இரு, அதில் மாற்றமில்லை. விசாரணைக்கு உன்னைக் கூப்பிட்டால் வெளியே தங்காதே, நம் வீட்டுக்கே வா. உனக்குப் போத்தல் தண்ணீர் வாங்கி வைக்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
தேவகி